செய்தி என்னும் கருப்பொருள்: வட்டவடையை முன்வைத்துத் திரைத்திறனாய்வுக்கு ஒரு மறுப்பு

முன்னுரை

நல்ல திரைப்படம் எது என்னும் வினாவுக்குத் தமிழாய்வுலகம் தரும் விடை பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அச்சொல் 'செய்தி' என்பதாகும். நல்ல செய்தியைச் சொல்லும் படம் நல்ல படம். செய்தி இல்லாத படம் பொழுதுபோக்கு. தவறான செய்தியைச் சொல்லும் படம் நச்சுப்படம். ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கட்டுரைகளும் இந்த அளவுகோலை ஐயமின்றிக் கையாள்கின்றன. படத்திலிருந்து செய்தியைப் பிரித்தெடுத்துக் காட்டிய அளவில் ஆய்வாளரின் கடமை முடிந்துவிடுகிறது.

இதே சொல் தொல்காப்பிய அகத்திணையியலிலும் இடம்பெறுகிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு கருப்பொருள்களுள் ஒன்றாக ஆசிரியர் 'செய்தி'யையும் எண்ணுகிறார். உரையாசிரியர்கள் அதற்குக் கொண்ட பொருள் தொழில் என்பது. ஒரு நிலத்து மக்கள் எதைச் செய்து வாழ்கிறார்களோ அதுவே அந்நிலத்தின் செய்தி. தேனெடுத்தலும் கிழங்கு அகழ்தலும் தினைப்புனம் காத்தலும் குறிஞ்சியின் செய்திகள். இன்றைய வழக்கிலோ செய்தி என்பது ஒருவர் பிறர்க்குச் சொல்வது. செய்வதைக் குறித்த சொல் சொல்வதைக் குறிப்பதாகத் திரிந்துவிட்டது. இத்திரிபு மொழி வரலாற்றில் இயல்பானதே. ஆனால் திரைத்திறனாய்வில் இது பெரும் இழப்பாக முடிந்திருக்கிறது என்பதும், பழைய பொருளை மீட்டெடுக்காமல் திரைப்படத்தின் தரத்தையோ அதன் சமூகப் பணியையோ பேச இயலாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். வாதத்தைச் சோதிக்கும் களமாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து எல்லைச் சிற்றூரான வட்டவடை கொள்ளப்படுகிறது.

வட்டவடை: காட்சியும் காணியும்

வட்டவடை தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டம் இவ்விரு வட்டங்களைப் பொறுத்தவரை வெற்றி பெறவில்லை. ஆயினும் கோவிலூர், கொட்டாக்கொம்பூர், பழத்தோட்டம், சிலந்தியாறு முதலிய ஊர்களில் வீட்டுமொழி தமிழாகவே நீடிக்கிறது. மதுரைப் பக்கத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அம்மக்களின் வாய்மொழி வரலாறு. படிப்படியாக வெட்டிய நிலங்களில் காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ், வெள்ளைப்பூண்டு விளைகின்றன. காந்தளூர், வட்டவடைப் பூண்டு 2022இல் புவிசார் குறியீடு பெற்றது.

இவ்வூரை வெளியுலகம் அறிவது காட்சியாக. பனிமூட்டம், சரிவு, பச்சை வயல், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி ஆகியவை ஒளிப்படக் கருவிக்கு விருந்து. 2006லும் 2018லும் குறிஞ்சி பூத்தது. அந்த 2006ஆம் ஆண்டிலேயே கொட்டாக்கொம்பூர், வட்டவடைப் பகுதிகளில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிக்கு அது பூவின் காப்பகம். உழவர்க்கு அதுவே தம் பட்டா செல்லுமா செல்லாதா என்னும் நெடிய வழக்கு. மலையெங்கும் நடப்பட்ட 'கிராண்டிஸ்' என்னும் யூகலிப்டஸ் மரங்கள் நீரை உறிஞ்சிவிட்டன என்ற முறையீடும் நெடுநாளாக உண்டு. பயணி காண்பது காட்சி. உழவர் கேட்பது காணி. இவ்விரண்டில் திரைப்படம் எதன் பக்கம் நிற்கிறது என்பதே முதல் வினா.

மூன்று பழக்கங்கள்

தமிழ்த்துறைகளின் திரைத்திறனாய்வில் மூன்று பழக்கங்கள் வேரூன்றியுள்ளன. முதலாவது, படத்தை ஏடாக வாசிப்பது. பாடல்களில் உவமை, உரையாடலில் வட்டார வழக்கு, வசனத்தில் திராவிட இயக்கக் கருத்து என்று தலைப்புகள் பெருகின. இவை பயனற்றவை அல்ல. ஆனால் ஒளியும் ஒலியும் உடலும் இடமும் சேர்ந்து இயங்கும் ஒரு கலையிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து ஆராய்வது, கூத்தைக் காணாமல் அதன் பாட்டுப்புத்தகத்தைத் திறனாய்வது போன்றது. தமிழ்ப்படம் மேடைநாடகத்தின் சொல்மிகுதியிலிருந்து விடுபடத் தயங்கியதைத் தியடோர் பாஸ்கரன் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார். படம் தயங்கியது உண்மை. திறனாய்வு அதனினும் மிகுதியாகத் தயங்குகிறது.

இரண்டாவது பழக்கம், செய்தியைத் தேடுவது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. விடுதலைப் போராட்டக் காலத்திலும் அதன் பின் திராவிட இயக்கத்தின் எழுச்சிக் காலத்திலும் நாடகமும் படமும் கருத்துப் பரப்பும் கருவிகளாக உண்மையிலேயே இயங்கின. 1992இல் வெளிவந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ஆய்வு, எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் ஏழை மக்களின் ஒப்புதலை எவ்வாறு ஈட்டியது என்பதைக் கூர்மையாக ஆராய்ந்தது. இத்தகைய ஆய்வுகள் ஒரு குறிப்பிட்ட காலத்து அரசியலை விளக்கவே எழுந்தவை. அவற்றை எல்லாக் காலத்துக்கும் எல்லாப் படத்துக்கும் உரிய மதிப்பீட்டு முறையாக மாற்றியது பின்வந்தோரின் சோம்பல்.

மூன்றாவது பழக்கமே மிக நுட்பமானது; தமிழ்ப்புலமையின் பெயரால் நிகழ்வது. மலையில் எடுத்த படம் குறிஞ்சிப்படம், கடற்கரையில் எடுத்தது நெய்தற்படம் என்று திணைப்பெயர் சூட்டும் வழக்கம் அது. திணைக்கோட்பாட்டைத் திரைக்குப் பொருத்துவது தவறன்று. ஆனால் பெயர் சூட்டுவோர் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றனர். நிலமும் பொழுதும் கண்ணுக்குத் தெரிந்தவுடன் திணை அமைந்துவிட்டதாகக் கருதுகின்றனர். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது உரைமரபு. அவ்வாறாயின் மலையைக் காட்டிவிட்டு, அம்மலையில் உண்பதையும் உழைப்பதையும் கேட்கும் ஒலியையும் காட்டாத படத்தைக் குறிஞ்சி என்பது தொல்காப்பியத்துக்கே மாறானது. நூற்றுக்கணக்கான காதற்பாடல்களில் மூணாற்றுத் தேயிலைச் சரிவு பின்னணித் திரைச்சீலையாக வந்துபோயிருக்கிறது. அச்சரிவில் கொழுந்து கிள்ளும் பெண்கள் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் அப்பெண்கள் மிகையூதியமும் கூலியுயர்வும் கேட்டுத் தொழிற்சங்கத் தலைமைகளையும் மீறி மூணாற்றுச் சாலையை அடைத்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் தமிழர் என்பது பலருக்கு வியப்பாக இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்நிலத்தைத் திரையில் கண்டு வந்தோர்க்கே அது வியப்பு என்றால், கண்டது என்ன என்று கேட்க வேண்டியுள்ளது.

சுமையும் நடையும்

இம்மூன்று பழக்கங்களாலும் அளக்கவியலாத படம் ஒன்று இம்மலைத்தொடரிலிருந்தே வந்தது. லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளியான 'மேற்குத் தொடர்ச்சி மலை', தேனி மாவட்டத்துக்கும் இடுக்கி மாவட்டத்துக்கும் இடையே ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமியின் கதை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்குவது அவன் ஆசை. வாங்கும் முயற்சிகள் முறிகின்றன. ஒருவழியாக நிலம் கைக்கு வந்தபின் கடனில் கரைகிறது. முடிவில், தன்னுடையதாக இருந்த நிலத்தில் நிறுவப்பட்ட காற்றாலைக்கு அவனே காவலாளி ஆகிறான்.

இப்படத்தின் செய்தி யாது என்று பழைய முறையில் கேட்டால், நிலமற்றோர்க்கு நிலம் வேண்டும் என்ற ஒற்றை வரி கிடைக்கும். அவ்வரியை அறியப் படம் தேவையில்லை; துண்டறிக்கை போதும். தொல்காப்பிய முறையில் கேட்டால் விடை வேறு. சுமப்பது, ஏறுவது, இறங்குவது, வழியில் அமர்ந்து உண்பது, எடை போடுவது, கணக்குத் தீர்ப்பது ஆகியவையே அப்படத்தின் செய்தி. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மலையை அழகாகக் காட்டாமலில்லை. ஆனால் அழகைக் காண்போர் மலையேற எடுக்கும் நேரத்தையும் உடன் காண நேர்கிறது. சரிவின் அழகு சுமப்பவனின் முழங்காலில் வலியாக உணரப்படுகிறது. இளையராஜாவின் இசை பல இடங்களில் ஒதுங்கி நின்று காற்றுக்கும் காலடிக்கும் வழிவிடுகிறது. நில உடைமை பற்றிய அரசியல் இப்படத்தில் வசனமாகச் சொல்லப்படுவதைவிட உடலுழைப்பாகக் கண்முன் நிகழ்வதே மிகுதி. எனவேதான் இறுதிக் காட்சியில் காவலாளியின் நாற்காலியில் அவன் அசையாமல் இருப்பது அத்தனை கொடுமையாகத் தாக்குகிறது. நடந்து நடந்தே அறிமுகமான ஒருவன் நடக்க வேலையில்லாதவன் ஆகிவிட்டான். தொழில் பறிபோவதே உரிப்பொருளாகிய இரங்கலைப் பிறப்பிக்கிறது. கருப்பொருள் வலுவாக அமையாத படத்தில் இந்த இரங்கல் வெறும் கண்ணீராக நின்றிருக்கும்.

இதற்குக் குறையே இல்லை என்பதன்று. மலைமக்களிடையே நிலவும் சாதிப் பிரிவினை அப்படத்தின் மையத்துக்கு வரவில்லை. தேயிலைத் தோட்டப் பெண்களின் உழைப்பு அதன் களத்துக்கு வெளியே உள்ளது. ஆயினும் செய்தி என்ற சொல்லின் பழைய பொருளைத் தெரிந்தோ தெரியாமலோ கையாண்ட படம் அது எனலாம்.

எழக்கூடிய தடைகள்

இங்கு ஒரு தடை எழும். தொழிலையும் உணவையும் பிழையின்றிப் பதிவு செய்வதுதான் நல்ல படம் என்றால், ஆவணப்படம் மட்டுமே நல்ல படமாகும். கற்பனைக்கு இடமில்லாமல் போகும் என்பது அத்தடை. இதற்கு விடை மலையாளத்திலிருந்தே கிடைக்கிறது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, 2023 சனவரியில் திரையரங்குகளுக்கு வந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' முற்றிலும் நடவாத ஒன்றைச் சொல்கிறது. வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாளி ஒருவர் பகல் தூக்கத்திலிருந்து விழித்துப் பேருந்தை நிறுத்துகிறார். தமிழ்ச் சிற்றூர் ஒன்றினுள் நடக்கிறார். அங்குக் காணாமற்போன சுந்தரமாகவே வாழத் தொடங்குகிறார். இயலாத கதை. ஆயினும் அவ்வூரின் உச்சிப்பொழுதும், திண்ணை உறக்கமும், தொலைக்காட்சியிலிருந்து ஓயாமல் கசியும் பழைய தமிழ்ப்படங்களின் பாட்டும் பேச்சும் ஐயத்துக்கு இடமின்றி உண்மையாக உள்ளன. கருப்பொருள் மெய்யாக இருப்பதால் கற்பனை அதன்மேல் நிற்கிறது. 'பாண்டி' என்ற ஏளனச் சொல்லால் தமிழரைக் குறித்த வழக்கத்துக்கும், தமிழ்நாட்டுச் சிற்றூரை அரிவாள் தூக்கும் நாடாகக் கண்டு நகைத்த 2005ஆம் ஆண்டின் 'பாண்டிப்பட' போன்ற படங்களுக்கும் இதைவிடத் தகுந்த மறுமொழி இல்லை. அம்மறுமொழி அறிவுரையாக வரவில்லை. ஒரு மலையாளி தமிழ் வீட்டில் நுழைந்து அதைத் தன் வீடாகப் புழங்குவதாக வந்தது.

தமிழ்ப்படமும் இவ்வகையில் தூய்மையானதன்று. மலையாளியை நெடுநாள் தேநீர்க்கடையிலேயே நிறுத்திவைத்துச் சிரித்தது அது. 1981இல் வந்த பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' பாலக்காட்டு மாதவனின் பேச்சை வைத்துச் சிரிக்கவைத்தது. ஆனால் அவனது ஆர்மோனியத்தையும் வறுமையையும் இசைப்பசியையும் கேலிக்கு ஆளாக்கவில்லை. ஆகவே அவன் கேலிப்பொருளாகாமல் கதைமாந்தனாக நிலைத்தான். அதே பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியில் நிகழும் 'ஐயப்பனும் கோசியும்' 2020இல் வெளிவந்தது. நஞ்சியம்மா தம் இருளர் மொழியில் பாடிய பாட்டு அதில் இடம்பெற்று அவருக்குத் தேசிய விருதையும் ஈட்டித் தந்தது. மலையாளத்துக்கும் தமிழுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு மொழி அம்மலையில் வாழ்கிறது என்பதை எந்த வசனமும் அவ்வளவு விரைவாக உணர்த்தியிருக்காது. நிலத்தின் குரல் திரையில் ஒலித்ததே போதுமானதாயிற்று.

மற்றொரு தடையும் எழலாம். தீங்கு பயக்கும் படங்கள் உள்ள நாட்டில் செய்தியை ஆராயாமல் விடுவது பொறுப்பின்மை என்பது அது. 2011 நவம்பரில் 'டேம் 999' என்ற ஆங்கிலப்படத்தைத் தமிழ்நாடு அரசு தடைசெய்தது. முல்லைப்பெரியாறு பற்றிய அச்சத்தை அது தூண்டும் என்பது காரணம். அடுத்த மாதமே எல்லையில் பதற்றம் மூண்டு, கம்பம், குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்றுவந்த கூலித் தொழிலாளர் பெருந்துன்பம் அடைந்தனர். படத்தின் கருத்தைப் பற்றி இரு மாநிலங்களும் உரக்கப் பேசின. இரு மாநிலங்களுக்கும் நடுவே வயிறு பிழைத்த அத்தொழிலாளரைக் கருப்பொருளாகக் கொண்ட படம் ஒன்றேனும் அன்று மக்கள் நினைவில் இருந்திருந்தால், அச்சத்துக்கு எதிராக நிற்க ஒரு முகம் இருந்திருக்கும். தவறான செய்திக்கு மாற்று, சரியான செய்தி அன்று. முகமும் தொழிலும் கொண்ட மாந்தர்.

ஒரு தாயின் ஒப்பாரி

வட்டவடையின் பெயர் கேரளம் முழுதும் ஒலித்தது 2018 சூலை 2 அன்று. அவ்வூரிலிருந்து சென்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் பயின்ற அபிமன்யு அன்று கல்லூரி வளாகத்தில் கொல்லப்பட்டான். அவன் உடலருகே தாய் 'நான் பெத்த மகனே' என்று தமிழில் அரற்றியது கேரளத்தையே உலுக்கியது. மறு ஆண்டில் சஜி பாலமேல் இயக்கிய மலையாளப்படம் அவ்வொப்பாரியையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்தது. அவன் விரும்பியதாகச் சொல்லப்பட்ட நூலகமும் 2019 சனவரியில் ஊரில் திறக்கப்பட்டது.

அரசியற் சார்பை மட்டும் வைத்து அப்படத்தைப் போற்றுவதும் தூற்றுவதும் எளிது. கடினமான வினா வேறு. மலையாளப்படம் ஒன்றின் தலைப்பாகத் தமிழ் ஒப்பாரி நுழைவதற்கு ஓர் இளைஞனின் மரணம் தேவைப்பட்டது ஏன்? அதற்கு முந்தைய அறுபதாண்டுகளில் அத்தாயின் மொழி பூண்டு நட்டபோதும், விலை பேசியபோதும், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியபோதும் ஒலித்துக்கொண்டுதானே இருந்தது? அழுகை மட்டும் மொழிபெயர்ப்பின்றிப் புரிகிறது என்றால், அன்றாட வாழ்வு புரிவதற்கு உரிய படங்கள் எடுக்கப்படவில்லை என்பதே பொருள். 2020 ஆகஸ்ட் 6 அன்று பெட்டிமுடி நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டபோதும் இதுவே நிகழ்ந்தது. பேரிடர் அவர்களைச் சில நாள் கண்ணுக்குத் தெரியச் செய்தது. சாவு வந்த பிறகே முகம் கிடைக்கும் மக்கள் இவர்கள். வாழும்போதே முகம் தருவதுதான் திரைப்படத்தின் முதற்கடமை.

அரங்கின் இருக்கையும் முடிதிருத்தகத்தின் நாற்காலியும்

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்ற கருத்தைக் கார்த்திகேசு சிவத்தம்பி முன்வைத்தார். அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, நுழைவுச்சீட்டின் விலை என்பது அவர் வாதம். திரைப்படத்தின் சமூகப் பணி பற்றிய பேச்சில் இன்றளவும் இதற்கு மேலான கூற்று எழவில்லை. ஆயினும் வட்டவடை இதனோடு ஒரு வினாவைச் சேர்க்கிறது.

அவ்வூரின் முடிதிருத்தகங்களில் தலித் மக்களுக்கு இடமில்லை என்ற செய்தி 2020இல் வெளிப்பட்டது. முடிவெட்டிக்கொள்ள அவர்கள் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஊராட்சி தலையிட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் அனைவர்க்குமான பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. தமிழ் இளைஞர் முடியலங்காரத்தைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் திரைநாயகரிடமிருந்து. ஒரே நாயகனை எல்லாச் சாதி இளைஞரும் கண்டு களித்தனர். அவனைப்போல முடிவெட்டிக்கொள்ள ஒரே நாற்காலி இல்லை. திரை தந்த சமத்துவம் அரங்கின் வாயிலோடு நின்றது. சிவத்தம்பியின் கூற்று பொய்யாகிவிடவில்லை, போதாமல் போயிற்று.

இந்நிலையில், சாதி ஒழிக என்று நாயகன் முழங்கும் படம் எடுத்தால் போதுமா? அத்தகைய முழக்கங்களைத் தமிழ்த்திரை ஏராளமாகக் கண்டிருக்கிறது. அவற்றுக்குக் கைதட்டியவர்களே ஊர்தோறும் தனிநாற்காலி முறையையும் காத்துவந்தனர். முழக்கத்தோடு உடன்படுவதற்கு எந்தச் செலவும் இல்லை. மாறாக, கத்தரிக்கோலையும் துண்டையும் கண்ணாடியையும் காத்திருப்போர் பலகையையும், வாயிலில் தயங்கும் காலையும், பேருந்தேறி முடிவெட்டச் செல்லும் ஓர் இளைஞனின் ஒருநாட்கூலி இழப்பையும் பொறுமையாகக் காட்டும் படத்தின் முன் உடன்பட்டுவிட்டுத் தப்ப இயலாது. காண்பவர் தம் ஊர் முடிதிருத்தகத்தை நினைத்தே தீரவேண்டும். செய்தி சொல்லும் படம் பார்வையாளருக்குத் தான் நல்லவர் என்ற நிறைவைத் தந்து அனுப்புகிறது. செய்தியைக் காட்டும் படம் அவர் நாள்தோறும் செய்வதை அவருக்கே காட்டுகிறது.

முடிவுரை

எனவே நல்ல படத்துக்கான அளவுகோல் இவ்வாறு அமைதல் வேண்டும்: அதன் மாந்தர் என்ன தொழில் செய்கின்றனர், எம்மொழியில் கணக்குப் பார்க்கின்றனர், என்ன உண்கின்றனர், எங்கே அமர அனுமதிக்கப்படுகின்றனர் என்பவை படம் முடிந்தபின் காண்பவர்க்குத் தெரிகின்றனவா? தெரியுமெனில், அதன் கதை இயல்போ புனைவோ, அதன் மொழி தமிழோ மலையாளமோ, அது நல்ல படமாவதற்குரிய அடிப்படையைப் பெற்றுவிட்டது. தெரியாதெனில், எத்துணை உயர்ந்த கருத்தைச் சொன்னாலும் அது மலையைத் திரைச்சீலையாகக் கொண்ட பாடற்காட்சியின் நீட்சியே.

இம்மாற்றம் படைப்பாளரைவிடத் தமிழ்த்துறைகளுக்கே உடனடித் தேவை. திரைப்பாடல்களில் அணிநலம் தேடும் ஆய்வேடு ஒன்று குறைந்தால் இழப்பில்லை. அவ்விடத்தில் வட்டவடை, காந்தளூர், மறையூர், அட்டப்பாடி போன்ற எல்லைப்பகுதிகளுக்கு ஆய்வு மாணவர் சென்று, அம்மக்கள் எப்படங்களைக் காண்கின்றனர், எக்காட்சியில் சிரிக்கின்றனர், எதைக் கண்டு இது எங்கள் ஊர் அன்று என்கின்றனர் என்பவற்றைத் தொகுத்தல் வேண்டும். இரு மாநிலத் திரையுலகங்களையும் ஒருங்கே கண்டு ஒப்பிடும் தகுதி அம்மக்களுக்கு இயல்பாகவே உண்டு. மேட்டுநிலத்துப் பூண்டு வடுகபட்டிச் சந்தை வரை இறங்கி வருகிறது; அதனை விளைவித்தவரின் கருத்து மட்டும் மதுரைக் கருத்தரங்க மேடைக்கு வந்துசேரவில்லை.

கருப்பொருளை வகுத்துத் தந்த இலக்கணமரபைத் தம்முடையது என்று பெருமை கொள்வோர், மலையைக் கண்டவுடன் குறிஞ்சி என்று எழுதிவிட்டு அமைதியுறுவது தகாது. அடுத்த குறிஞ்சி 2030இல் பூக்கும். அதைப் படமெடுக்கக் கருவிகள் திரண்டு செல்லும் என்பதில் ஐயமில்லை. அப்பூவின் அடியில் உள்ள நிலத்தில் உழைப்பவர் அன்றும் சட்டகத்துக்கு வெளியே நின்றால், பிழை கருவியைப் பிடித்தவரோடு மட்டும் முடியாது. எது நல்ல படம் என்று கற்பித்தவர்க்கும் அதில் பங்குண்டு.